நனைந்தால் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் ஏ.டி.வி.: கோளாறைத் தேடும் வழி

வெயில் நாளில் ஒரு குறையும் சொல்ல முடியாத வண்டி. ஓடையில் இறங்கி ஏறினாலோ, அரை மணி நேரம் மழையில் ஓடினாலோ மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது என்ஜின் விட்டுவிட்டு ஓடும். வேகம் கூட்ட த்ராட்டிலை அழுத்தினால் இழுவை இருக்காது. சைலன்சரில் இரண்டு வெடி வெடித்துவிட்டு ஆஃப் ஆகிவிடும். மெக்கானிக் கடைக்குக் கொண்டு போவதற்குள் ஈரம் காய்ந்துபோகும். அங்கே பட்டனைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆகும். "நல்லாத்தானே சார் ஓடுது? எதுக்கும் பிளக்கை மாத்திப் பாப்போம்" என்பார் அவர். பிளக் மாறும், காசும் போகும், அடுத்த மழையில் பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும்.

இந்த வகைக் கோளாறைப் பிடிப்பது கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். கஷ்டமில்லை. காய்ந்த வண்டியில் தேடுவதுதான் தப்பு. நனைந்தால் மட்டும் வரும் கோளாறை, நாமே நனைத்து வரவழைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதுவும் மொத்த வண்டியையும் ஒரே தடவையில் நனைக்காமல், ஒவ்வொரு இடமாக. எந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் இருமுகிறதோ அங்கே கோளாறு இருக்கிறது. ஆனால் எங்கே தெளிப்பது, ஏன் அங்கே தெளிப்பது என்று தெரியாமல் ஸ்ப்ரே பாட்டிலை எடுப்பதில் பயனில்லை. அதனால் முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

ஏ.டி.வி. (ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்) என்பது பைக்கில் உட்காருவது மாதிரி இருபுறமும் கால் போட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி. அகலமான, காற்றுக் குறைவாக அடித்த டயர்கள். த்ராட்டில் பைக்கில் இருப்பதுபோல முறுக்கும் பிடியாக இருக்காது. வலது கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்புகோலாக இருக்கும். 1970-ல் ஹோண்டா இதை மூன்று சக்கரத்தோடு விற்க ஆரம்பித்தது. நான்கு சக்கரம் வந்தது 1980-களின் தொடக்கத்தில். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா பக்கம் பண்ணை வேலைக்கு இது அன்றாட வண்டி. நம் ஊரில் மலைவாசஸ்தல ரிசார்ட்டுகளிலும் கடற்கரை மணலிலும் பார்க்கலாம்.

சேற்றுக்கும் தண்ணீருக்கும் என்றே செய்த வண்டிதானே, அது ஏன் நனைந்தால் தடுமாற வேண்டும்? நியாயமான கேள்விதான். புதிதாக இருக்கும்போது தடுமாறாது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ரப்பர் சீல், ஒவ்வொரு குழாய் முனையிலும் ஒரு வால்வு, ஒவ்வொரு மூடிக்கடியிலும் ஒரு கேஸ்கட் என்று தண்ணீரைத் தடுக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகள் நிறைய இருக்கும். நாலைந்து வருட அதிர்விலும் சூட்டிலும் சேற்றிலும் அவற்றில் ஏதோ ஒன்று விட்டுப்போகும். அது எது என்பதைத்தான் தேடப் போகிறோம்.

என்ஜின் தடுமாறுகிறதா, வண்டி தடுமாறுகிறதா?

இதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். த்ராட்டிலை அழுத்தும்போது என்ஜின் சத்தம் ஜோராக ஏறுகிறது, ஆனால் வண்டி நகர மறுக்கிறது என்றால் என்ஜினில் தேடாதீர்கள். அது பெல்ட்.

பெரும்பாலான ஏ.டி.வி.க்களில் ஸ்கூட்டரில் இருப்பது மாதிரி சி.வி.டி. (தானாக வேக விகிதத்தை மாற்றும் அமைப்பு) பெல்ட்தான் என்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே அந்த ரப்பர் பெல்ட் உராய்வினால் மட்டுமே பிடித்திருக்கிறது. நடுவில் தண்ணீர் புகுந்தால் வழுக்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சில விநாடிகள் மிதமாக என்ஜினை ஏற்றி இறக்கினால் புல்லியின் சுழற்சியிலேயே தண்ணீர் சிதறிப் போய்விடும். அப்புறம் லோ கியரில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பிடிப்பு திரும்பும். பல வண்டிகளில் சி.வி.டி. மூடியின் அடியில் ஒரு வடிகால் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் தேங்கிய தண்ணீர் கொட்டிவிடும். பெல்ட் வழுக்கும்போது த்ராட்டிலை விடாமல் அழுத்தினால் அது சூடேறி, கருகிய வாசனை வந்து, அதன் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். அதற்குப் பிறகு காய்ந்தாலும் வழுக்கும். தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பதை மூடியின் கேஸ்கட்டிலும், பெல்ட் அறைக்குக் காற்று கொண்டுவரும் குழாயின் இணைப்புகளிலும் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல ஏ.டி.வி.க்களில் பெல்ட்டே கிடையாது, கியர்தான். அவற்றுக்கு இந்தப் பத்தி தேவையில்லை.

சத்தம் ஏறாமல், என்ஜினே திணறி இருமினால்தான் மற்ற எல்லாம்.

கரண்ட் எங்கே ஒழுகுகிறது?

நனைந்தால் வரும் தடுமாற்றத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் பிளக்குக்குப் போகும் கரண்டைத்தான். எரிபொருள் பக்கம் போவதற்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சி.டி.ஐ. என்ற சின்னப் பெட்டி சில நூறு வோல்ட் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, சரியான நொடியில் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டும். காயில் அதை 20,000 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தும். அது தடித்த ரப்பர் ஒயர் வழியாகப் பிளக் கேப்புக்கும், அங்கிருந்து பிளக்குக்கும் போய், நுனியில் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்புதான் தீப்பொறி.

அந்த இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது எப்போதும் ஒன்றாக இருக்காது. பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தால் சுமார் 3,000 வோல்ட்டே போதும். சிலிண்டருக்குள்ளே பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும்போது அந்தத் தேவை பத்தாயிரத்தைத் தாண்டும். த்ராட்டிலை முழுக்க அழுத்தி மேடு ஏறும்போது உள்ளே வரும் காற்று இன்னும் அதிகம், அழுத்தமும் அதிகம், அதனால் தேவையும் அதிகம்.

வாய்க்கால் கரையில் நண்டு வளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கணுக்கால் அளவு ஓடும்போது ஒன்றும் தெரியாது. மதகைத் திறந்து மட்டம் உயர்ந்ததும் அந்த வளை வழியாகப் பீறிட்டு, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாமல் நின்றுவிடும். பிளக் கேப்பில் உள்ள மெல்லிய விரிசலும் அப்படித்தான். த்ராட்டிலைத் தொடாமல் ஐட்லிங்கில் விட்டால் என்ஜின் அழகாக ஓடும். த்ராட்டிலை அழுத்தி வோல்ட் தேவை உயர்ந்ததும், கரண்ட் பிளக் நுனியைத் தாண்டுவதை விட்டுவிட்டு, விரிசலில் படிந்த ஈரத்தின் வழியாக என்ஜின் உடம்புக்குப் போய் எர்த் ஆகிவிடும். அந்த ஒரு சுற்றில் பெட்ரோல் எரியாது. எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குப் போய் வெடிக்கும். நீங்கள் கேட்கிற 'பட்' அதுதான்.

ஆக, ஐட்லிங்கில் சரியாக ஓடி, லோடு (என்ஜின் மேல் விழும் சுமை) ஏறினால் மட்டும் மிஸ்ஸிங் என்றால், ஹை வோல்டேஜ் பக்கம் ஒழுகுகிறது என்ற சந்தேகம் பலப்படுகிறது.

பிளக்கை மாற்றினால் கொஞ்ச நாள் சரியாகிப் பிறகு திரும்ப வருவதற்கும் இதுவே விளக்கம். பழைய பிளக்கில் நுனி தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும், அதைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். புதுப் பிளக்கில் இடைவெளி குறைவு, தேவையும் குறைவு. ஒழுகல் மறைந்து நிற்கும், ஒழியாது. புதுப் பிளக் தேயத் தேய மறுபடி தலைகாட்டும். பிளக்கை மாற்றியது வீண் என்று சொல்லவில்லை. அதைச் சிகிச்சை என்று நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சுத்தமான மழைத்தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்பும் சேறும்தான் கடத்துகின்றன. அதனால்தான் மழையில் சமாளித்த வண்டி, சேற்றுக் குட்டையில் விழுந்ததும் நின்றுவிடுகிறது. கடற்கரை மணலில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடல் நீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே படிந்திருக்கும். இரவுப் பனியிலும் காற்றின் ஈரத்திலும் அது மறுபடி கசியும். ஒரு சொட்டு மழைகூட இல்லாத காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பாட்டிலும் இருட்டும்

தேவையானது செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில், அதில் சாதாரண குழாய்த் தண்ணீர், கொஞ்சம் பொறுமை. இருட்டின பிறகு செய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. திறந்த இடத்தில், பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து சூடாக விடுங்கள். சீட்டையும் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கையும் முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

முதல் தெளிப்பு பிளக் கேப்பின் மேல். பீய்ச்சி அடிக்கக் கூடாது, பனி மாதிரி மெல்லிய தூவல் போதும். ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு த்ராட்டிலைச் சட்டென்று ஒருமுறை அழுத்தி விடுங்கள். திடீரென அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். நின்ற இடத்திலேயே ஓரளவு லோடு கொடுப்பதற்கு அதுதான் வழி. ஒன்றும் ஆகவில்லையா? அடுத்து ரப்பர் ஒயர் முழுக்க. அப்புறம் ஒயர் காயிலுக்குள் நுழையும் இடம். அப்புறம் காயிலின் உடம்பு. ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அவசரப்பட்டால் எந்த இடம் இருமியது என்று தெரியாமல் போகும்.

ஒழுகல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். கேப்பின் விளிம்பிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஊதா கலந்த நீல நிறத்தில் மெல்லிய நூல் ஒன்று துடிக்கும். காதைக் கொடுத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். அதே தாளத்தில் என்ஜினும் தடுமாறும். விரலை மட்டும் கிட்டே கொண்டு போகாதீர்கள். ஷாக் பலமாக இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தாலே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேப்பை அளந்தால் பொதுவாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். அளவே காட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம், அந்த அளவுக்கு மீட்டர் உதவும். ஆனால் மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். ஒழுகுவதோ ஆயிரக்கணக்கான வோல்ட்டில். மீட்டர் 'எல்லாம் சரி' என்று காட்டிய கேப் இருட்டில் நீல நூல் விட்டுக்கொண்டிருக்கும்.

ஒழுகும் இடம் கேப் என்றால், துடைத்துக் காயவைத்து மாட்டுவது வேண்டாம். கரண்ட் ஒருமுறை பாய்ந்த வழியில் ரப்பர் கருகிக் கரிக்கோடு விழுந்திருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இனி ஈரம் இல்லாவிட்டாலும் அந்த வழியே போகும். கேப்பை மாற்றிவிட வேண்டியதுதான், பெரிய விலையும் இல்லை.

மாற்றும் முறையைக் கிட்டத்தில் பார்க்கலாம். பெரும்பாலான கேப்புகள் ஒயரோடு ஒட்டியிருப்பவை அல்ல. உள்ளே மர ஆணி மாதிரிப் புரியுள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கேப்பை இடப்பக்கமாகச் சுற்றினால் ஒயரிலிருந்து கழன்று வரும். ஒயரின் முனையைப் பாருங்கள். நடுவில் உள்ள செம்பு இழைகள் பளபளவென்று இருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் கூர்மையான கத்தரியால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிவிடுங்கள். புது இழை தெரியும். ஒயர் நீளம் இடம் கொடுக்க வேண்டும், அதை வெட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கேப்பை நேராகப் பிடித்து, அழுத்திக்கொண்டே வலப்பக்கம் சுற்றினால் ஸ்க்ரூ இழைகளுக்கு நடுவே இறுகும். இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் வாய்களின் உட்புறம் சிலிக்கான் டை-எலக்ட்ரிக் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். இந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீரை உள்ளே விடாது. சேஸிக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் நாளடைவில் ரப்பர் ஊதிப் பாழாகும்.

ஒயர் காயிலோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால், அங்கே ஒழுகினால் காயிலையே மாற்ற வேண்டும். டேப் சுற்றி ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வீடு வந்து சேர அது உதவும், அவ்வளவுதான்.

பிளக் பள்ளமான குழிக்குள் இருக்கும் வண்டிகளில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் குழியிலிருந்து தண்ணீர் வடிவதற்கு சிலிண்டர் ஹெட்டில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். சேறு அடைத்தால் குழியில் தண்ணீர் நின்று, பிளக் அதிலேயே ஊறிக்கொண்டிருக்கும். மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினால் போதும்.

சுவிட்சுகள் செய்யும் குறும்பு

ஹை வோல்டேஜ் பக்கம் எங்கே தெளித்தும் வண்டி அசரவில்லையா? அடுத்து ஹேண்டில்பார். இங்கே நடப்பது வேறு மாதிரி. மிஸ்ஸிங் அடிப்பதில்லை, சட்டென்று ஆஃப் ஆகும், அல்லது ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏற மறுக்கும்.

பல வண்டிகளில் கில் சுவிட்ச் என்பது இக்னிஷன் ஒயர் ஒன்றை எர்த் செய்து என்ஜினை நிறுத்துவது. சுவிட்சுக்குள் சேற்றுத் தண்ணீர் போனால், யாரும் தொடாமலேயே அது பாதி எர்த் ஆகும். சுவிட்ச் பெட்டியின் மேல் தெளித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாம். ஆனால் அப்போது சுவிட்சை வைத்து என்ஜினை நிறுத்த முடியாமல் போகலாம், அதற்கு மாற்று வழியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வேறு சில வண்டிகளில் இந்தச் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்யும். கனெக்டரைக் கழற்றினால் என்ஜின் நின்றுவிடும். வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் இதில் கைவைக்க வேண்டாம்.

ரிவர்ஸ் சுவிட்ச் இன்னும் தந்திரக்காரன். பின்னால் போகும்போது வேகம் மிஞ்சக் கூடாது என்று பல ஏ.டி.வி.க்களில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் அருகே ஒரு சுவிட்ச், 'ரிவர்சில் இருக்கிறோம்' என்று இக்னிஷன் பெட்டிக்குச் சொல்லும். அந்த ஒயர் கிடப்பது வண்டியின் அடிவயிற்றில், எப்போதும் சேற்றில். அது நனைந்து எர்த் ஆனால், நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே பெட்டி ரிவர்ஸ் என்று நினைத்துத் தீப்பொறியைக் குறைத்துவிடும். என்ஜின் ஓர் அளவு வரை சுத்தமாக ஏறி, அதற்கு மேல் சுவரில் முட்டின மாதிரி நிற்கும். மீட்டர் பலகையில் ரிவர்ஸ் விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் தேடலே வேண்டாம், கையில் அகப்பட்டுவிட்டது. கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பழைய வண்டிகள் சிலவற்றில் த்ராட்டில் பெட்டிக்குள்ளும் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் உண்டு. கேபிள் சிக்கிக்கொண்டால் என்ஜினை நிறுத்துவதற்காக வைத்தது. அதில் தண்ணீர் போனாலும் இதே மாதிரி வெட்டும்.

ஸ்டேட்டர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது), பிக்கப் காயில் (தீப்பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்வது), சி.டி.ஐ. ஆகியவற்றின் கனெக்டர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்த பின்களோ, தேங்கிய தண்ணீரோ தெரியும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, சீலில் அதே டை-எலக்ட்ரிக் கிரீஸைத் தடவி மாட்டினால் போதும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சென்சார் கனெக்டர்களும் இந்தக் கணக்கில் சேரும். அதில் ஒரு வசதி, எந்த சென்சார் முரண்டு பிடித்தது என்று வண்டியின் கம்ப்யூட்டரே பிழை எண்ணாக (எர்ரர் கோட்) சேர்த்து வைத்திருக்கும். எங்கும் தெளிப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

முழங்கால் தண்ணீரில் மட்டும் நின்றால்

மழையில் ஒன்றும் ஆகாது, தெளித்தாலும் ஒன்றும் ஆகாது, ஆழமான தண்ணீரில் இறங்கினால் மட்டும் சில விநாடிகளில் மூச்சுத் திணறி நிற்கும், கரையேறினால் தானாகச் சரியாகும். கார்பரேட்டர் வண்டியில் இப்படி நடந்தால் மின்சாரத்தை மறந்துவிட்டு, கார்பரேட்டரிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய குழாய்களைப் பாருங்கள்.

கார்பரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அந்தப் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. மேலே காற்று வேகமாகப் பாயும் கழுத்தில் அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் என்ற சின்னத் துளை வழியாக மேலே தள்ளுகிறது. கிண்ணத்துக்கு வெளிக்காற்றைக் கொண்டுவருவது அந்த வென்ட் குழாய். அதன் முனை தண்ணீருக்குள் மூழ்கினால் கிண்ணத்துக்குள் காற்று வர வழியில்லை, பெட்ரோல் மேலே ஏறுவதும் நின்றுவிடும். வேறொன்றும் பழுதில்லை. குழாயின் நடுவே ஒரு 'T' வடிவ இணைப்பு போட்டு, ஒரு கிளையை டேங்க் அடிக்கு, தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் தீர்ந்தது. கீழ்முனை மூழ்கினாலும் மேல்முனை மூச்சுவிடும். டேங்க் மூடியின் காற்றுக்குழாய் சேற்றில் அடைத்தாலும் என்ஜினுக்குப் பெட்ரோல் பட்டினிதான், ஆனால் அது உடனே நிறுத்தாது. சிறிது நேரம் ஓடிய பிறகே நிற்கும், மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும்.

காய்ந்த பிறகும், மறுநாளும் தடுமாற்றம் தொடர்ந்தால் பெட்ரோலிலேயே தண்ணீர் இருக்கலாம். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசைக்காமல் வையுங்கள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ தெரியும். இப்போது நம் பங்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் உட்கார்ந்துவிடும். அந்தக் கலவையில் என்ஜின் சரியாக ஓடாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். டேங்கை முழுக்க வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றுவதுதான் வழி. வடிக்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

குளிர் மலைப்பகுதியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஈரமான குளிர்க்காற்றில் கார்பரேட்டர் கழுத்துக்குள் பனிக்கட்டி படியலாம். பெட்ரோல் ஆவியாகும்போது அந்த இடம் இன்னும் குளிர்வதால், வெளியே உறைநிலைக்கு மேல் இருந்தாலும் இது நடக்கும். வண்டியை அணைத்துச் சில நிமிடங்கள் விட்டால், என்ஜின் சூட்டில் உருகித் தானாகச் சரியாகிவிடும்.

ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாத நேரம்

இதுவரை சொன்னவை எல்லாம் தொந்தரவுகள். இனிச் சொல்லப்போவது என்ஜினையே கொன்றுவிடும்.

ஏர் பில்டர் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், முனை வாத்தின் அலகு மாதிரித் தட்டையாக மூடியிருக்கும். உள்ளே சேரும் தண்ணீர் வடியும், வெளித்தண்ணீர் ஏறாது. அது அறுந்து விழுந்திருந்தால், ஒவ்வொரு ஓடையிலும் தண்ணீர் பெட்டிக்குள் ஏறும். ஸ்பாஞ்ச் பில்டர் ஊறி, காற்றுப் போக வழியில்லாமல் என்ஜின் கறுப்புப் புகை கக்கும். அந்தக் கட்டத்திலேயே கவனித்துவிட்டால் பிழைத்தோம். பெட்டியைத் திறந்து பில்டரைப் பிழிந்து காயவைத்து எண்ணெய் தடவி மாட்டினால் போதும்.

கவனிக்காமல் விட்டாலோ, தண்ணீரின் ஆழம் தெரியாமல் இறங்கினாலோ, தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் போகும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும்போது, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதனால் தண்ணீருக்குள் என்ஜின் திடீரென நின்றால் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தவே கூடாது. கரைக்கு இழுத்து வந்து, பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய கேப்பைப் பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், துளைக்கு எட்டத் தள்ளி வைத்து, கில் சுவிட்சை ஆஃபில் போட்டு, அப்புறம் என்ஜினைச் சுற்றுங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள். தண்ணீர் வருவது நின்றதும் என்ஜின் ஆயிலைப் பாருங்கள். வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் அங்கேயும் போயிருக்கிறது. அதை வடித்துப் புதிது ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி மாற்ற வேண்டும். கலங்கல் போகும் வரை அப்படித்தான். கலங்கிய ஆயிலோடு வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் பேரிங் செலவு வரும்.

எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். காற்று உள்ளே போகும் வாய் உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

வாட்டர் வாஷ் செய்த மறுநாள்

சேற்றைக் கழுவப்போய்க் கோளாறை வாங்கி வருவது நிறைய நடக்கிறது. மழைத்தண்ணீர் மேலிருந்து விழும். பிரஷர் வாஷர் தண்ணீரோ, சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையும். கனெக்டர், பிளக் கேப், சுவிட்ச் பெட்டி, பில்டர் பெட்டியின் வாய் இவற்றின் பக்கம் நாசிலைத் திருப்பக் கூடாது. ரேடியேட்டரைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கி, வெயில் நாளில் என்ஜின் சூடேறும். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் துடைத்தால் நேரம் ஆகும், ஆனால் செலவு வராது. கடற்கரையில் ஓட்டிய வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு ஓர் இரவு தங்கவும் விடாதீர்கள்.

வழியில் நின்றுபோய் உதவிக்கு யாரும் இல்லை என்றால், டபிள்யூ.டி.-40 மாதிரி ஈரத்தைத் தள்ளும் ஸ்ப்ரே கைகொடுக்கும். என்ஜினை அணைத்து, பிளக் கேப்பிலும் காயிலிலும் அடித்து, ஆவி கலையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ஸ்ப்ரே தீப்பற்றும் என்பதால் காத்திருப்பது முக்கியம். அடித்ததும் வண்டி சரியாக ஓடினால், எங்கே தெளித்துத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிடாதீர்கள். ஸ்ப்ரே போன பிறகு ஒழுகல் திரும்பும்.

மெக்கானிக்கிடம்தான் விடப்போகிறீர்கள் என்றாலும், "நனைஞ்சா ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐட்லிங்கில் சரியாக ஓடுகிறதா, லோடில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறதா, சட்டென்று ஆஃப் ஆகிறதா, மெல்ல மெல்லத் திணறுகிறதா, காய்ந்ததும் சரியாகிறதா என்று சொல்லுங்கள். "கேப் மேல தண்ணி தெளிச்சா நீலமா அடிக்குதுண்ணே" என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது, அவர் நேராக அங்கேயே கை வைப்பார். வேலை முடிந்ததும், பிளாஸ்டிக் மூடிகளை மாட்டுவதற்கு முன், அதே இடத்தில் அதே பாட்டிலால் அவர் முன்னாலேயே ஒருமுறை தெளித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுபடியும் இருமினால் மூடிகளைக் கழற்றும் வேலை மிச்சம்.